செய்பவரின் காற்று

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஆனைக்குட்டத்தை இந்த வட்டாரத்தார் இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று, அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டப்பட்ட அணை. விருதுநகரின் குடிநீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. மற்றொன்று, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ நடத்தும் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம். நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு தயாராகும் மண்ணில் அதற்கென ஒரு சோதனைக்கூடம் இருப்பது மிகவும் பொருத்தம். ஆனால் இந்தத் தொழிலில் இதுவரை எவையெல்லாம் அளக்கப்பட்டன, யாருக்காக அளக்கப்பட்டன என்று பின்னோக்கிப் பார்த்தால் ஒரு பெரிய விடுபடல் தெரியவரும். நூறாண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் பட்டாசைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறது. வெடித்து உயிரைப் பறிக்குமா என்பது முதல் கேள்வி. எவ்வளவு சத்தம் போடும் என்பது இரண்டாவது. எவ்வளவு புகை விடும் என்பது மூன்றாவது. அதைச் செய்கிறவர் நாளெல்லாம் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்ற நான்காவது கேள்வி மட்டும் நீதிமன்றத்திலும் பொதுவிவாதத்திலும் முழுக் குரலில் எழவே இல்லை. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதும், அதைக் கேட்டால் மற்ற மூன்றுக்கும் இன்னும் நல்ல விடை கிடைக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தத் தொழிலின் முதல் மூலதனமே காற்றுதான். வானம் பார்த்த கரிசல் பூமி, மழை குறைவு, விவசாயம் நம்பி வாழ முடியாத நிலை. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது, உழவருக்குச் சாபமாக இருந்த அதே வறண்ட காற்று அவர்களுக்கு வரமானது. தீக்குச்சி ஈரம் ஏறாமல் காய வேண்டும். அதன் தலையில் ஒட்டிய மருந்து சீக்கிரம் இறுக வேண்டும். இரண்டையும் சிவகாசியின் வெயிலும் காற்றும் செலவில்லாமல் செய்து கொடுத்தன. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்புத் தீப்பெட்டி, அதிலிருந்து பட்டாசு என்று தொழில் கிளைவிட்டது. இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுப் பட்டாசின் வரவை நிறுத்தியதும், உள்நாட்டுச் சந்தை முழுவதும் சிவகாசிக்குத் திறந்தது. 1940இல் வந்த வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்ற ஆலைகளுக்கு வழி வகுக்க, அந்தப் பத்தாண்டில்தான் இன்று வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்த பட்டாசு நிறுவனங்கள் எழுந்தன. பெட்டிக்கு ஒட்டும் வண்ணத்தாளுக்காக அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தது. குட்டி ஜப்பான் என்ற பேர் வாங்கிய ஊரின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த உழைப்பின் மேல் மதிப்பு இருப்பதால்தான் உழைத்தவரின் மூச்சைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி பிரிட்டிஷ் காலத்துக் கேள்வி. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் ஆயுதமாகவும் ஆபத்தாகவும் மாறக்கூடிய ஒரு பொருளைக் கட்டுக்குள் வைக்கப் பிறந்தது. அதன் வழிவந்த விதிகள்தான் இன்றும் பட்டாசு ஆலையின் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள், ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்ற வரம்பு, தப்பி ஓட வாசல்கள், மருந்துக் கலவைக்குத் தனி இடம், மேற்பார்வைக்குப் பயிற்சி பெற்ற போர்மேன். ஆலைகளை ஊரார் நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம் என்று பிரித்துச் சொல்வதும் இந்த விதிகளின் விளைவே. எவ்வளவு மருந்தைக் கையாளலாம் என்பதைப் பொறுத்து உரிமம் தரும் அலுவலகம் மாறுகிறது. 1992இல் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலப்பதற்குத் தடை வந்தது. லேசான உராய்வுக்கே தீப்பிடிக்கும் கலவை அது. அந்தத் தடை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். ஆனாலும் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதி இருந்தும் விபத்து நின்றபாடில்லை. அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை, அளவுக்கு மீறிய ஆள், உரிமக்காரர் ஒருவராகவும் நடத்துபவர் வேறொருவராகவும் இருக்கும் உள்குத்தகை ஆகியவை ஒவ்வொரு விசாரணையிலும் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள்.

இரண்டாவது கேள்வி நகரத்திலிருந்து வந்தது. 1999இல் மத்திய அரசு பட்டாசின் சத்தத்துக்கு எல்லை வகுத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தமிடும் வெடிகளைத் தடுத்தது. தூக்கம் கெட்ட முதியவர், நடுங்கும் குழந்தை, மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி ஆகியோரின் சார்பில் எழுந்த நியாயமான கேள்வி அது. மூன்றாவது கேள்வியும் நகரத்துடையதே. 2015இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016 நவம்பரில் தலைநகர் வட்டாரத்தில் விற்பனை உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு சரவெடியைத் தடை செய்தது. பேரிய உப்புகளை விலக்கியது. தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்கியது. புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே இனிச் செய்யலாம் என்றது. சிவகாசி அதிர்ந்தது. ஆலைகள் கதவடைத்துப் பல மாதம் வேலை நின்றது. நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் புதுக் கலவைகளை உருவாக்கி, துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறையும் என்றது. 2019இல் மூலப்பொருள் பரிசோதனைக் கூடம் ஒன்றையும் சிவகாசியில் திறந்தது. 2021இலும் 2023இலும் பேரியத் தடை மீண்டும் உறுதியானது. 2025 அக்டோபரில் தலைநகர் வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாட்கள், சில மணி நேரம் மட்டும் வழிவிடப்பட்டது.

இந்தப் பத்தாண்டு வழக்கில் இரு தரப்பும் எப்படிப் பேசின என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் உயிர்வாழும் உரிமை. அதற்குள் சுத்தமான காற்று அடக்கம். மறுபக்கம் தொழில் செய்யும் உரிமை. அதற்குள் லட்சக்கணக்கான தொழிலாளரின் கூலி அடக்கம். இந்தத் தராசில் டெல்லிவாசி நுரையீரலாக வந்தார், சிவகாசிக்காரர் வயிறாக வந்தார். ஆலை உரிமையாளர் தரப்பும் தொழிலாளரைப் பிழைப்பின் பெயரால் அழைத்தது. எதிர்த்தரப்பும் அவருக்கு மாற்றுவேலை, மறுவாழ்வு என்றே பேசியது. அவருக்கும் ஒரு நுரையீரல் உண்டு என்பது யாருடைய வாதத்துக்கும் தேவைப்படவில்லை. சுத்தமான காற்று டெல்லிக்கு மட்டும் ஏன், நாடு முழுவதற்கும் ஏன் கூடாது என்று 2025இல் தலைமை நீதிபதியாக இருந்த கவாய் அமர்வு கேட்டது நல்ல திருப்பம். அந்தக் கேள்வியை இன்னும் ஓரடி நகர்த்தினால் அது மருந்து அறையின் வாசலுக்கு வந்து நிற்கும். பட்டாசை வெடிக்கும் ஊர்களின் காற்றுக்கு நீதி கேட்கும்போது, பட்டாசைச் செய்யும் ஊரின் காற்று எப்படி விலக்காகும்?

அந்தக் காற்றில் என்ன இருக்கிறது? அணுகுண்டு போன்ற வெடிகளுக்குப் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பவுடர். கம்பி மத்தாப்புக்குக் காலங்காலமாகப் பேரியம் நைட்ரேட், அலுமினியம், இரும்புத்தூள், டெக்ஸ்ட்ரின். சல்லடையில் சலிக்கும்போதும், கலக்கும்போதும், குழாயில் அடைக்கும்போதும் மிக நுண்ணிய தூள் எழும்பும். வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளரின் கையிலும் முகத்திலும் உடையிலும் வெள்ளி பூசியதுபோல் அலுமினியம் படிந்திருப்பதை அந்த ஊர்களில் அறியாதவர் இல்லை. வெளியே படிவது உள்ளேயும் போகும். இது இன்றைக்குப் புதிதாகச் சொல்லும் அச்சமும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிவகாசியில் ஆலைகள் எழுந்த அதே ஆண்டுகளில், ஜெர்மனியில் வெடிமருந்துக்கான அலுமினியப் பவுடர் தயாரித்த தொழிலாளரிடம் நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். பேரியம் நைட்ரேட்டோ தண்ணீரில் கரையும் நச்சு. தூசியாக உள்ளே போனாலும், கழுவாத கையால் உண்டாலும் கேடு. இவற்றோடு, ஆலைக் கழிவைக் குழியில் கொட்டி எரிக்கும்போது எழும் புகையும் சுற்றியுள்ள ஊர்களுக்குத்தான் போகிறது. தீபாவளி வருஷத்துக்கு ஒரு நாள். மருந்து அறைக்கோ ஆண்டின் பெரும்பகுதி வேலைநாள். தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் செய்த திருத்தம் வேலையிடக் காற்றில் பல வேதிப்பொருள்களுக்கு அளவு வரம்பு கொண்டுவந்தது. ஆக, கேள்விக்கு இடம் தரும் சட்டம் கையில் இருக்கிறது. அதை நாட்டின் பட்டாசு விவாதத்துக்குள் கொண்டுவர ஆள்தான் இல்லை.

செய்யும் இடத்தில் அளந்தால் எல்லோருக்கும் நன்மை என்பதற்கு வேறொரு துறையில் சான்று இருக்கிறது. புகைக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்நாடு ஒரு பக்கமாகவே பார்த்திருக்கிறது. 2018 ஜனவரியில் போகிப் புகை மூடியதால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஊர்ப் புகை விமானத்தைத் தடுத்தது செய்தியானது. விமானப் புகை ஊருக்கு என்ன செய்கிறது என்பதை உலகம் நெடுநாளாக அளந்துவருகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981இல் விமான எஞ்சின்களின் புகைக்குத் தரநிலை வகுத்தது. எஞ்சின் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே சோதனை மேடையில் நிறுத்தி அளக்க வேண்டும்; தரையிறங்கி மேலெழும் ஒரு சுற்றில், மூவாயிரம் அடிக்குக் கீழே அது வெளியிடும் மாசு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் மேலெழும் கட்டம் வெறும் 42 விநாடி. தரையில் உருண்டும் காத்தும் கழியும் நேரம் 26 நிமிடம். முழு விசையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதிகம். தரையில் மெல்ல ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருள் ஆவியும் அதிகம். கூர்ந்து அளந்ததால்தான் எதை எங்கே குறைப்பது என்று தெரிந்தது. சூரிச் விமான நிலையம் 1997இல் அதிகம் புகைவிடும் விமானத்துக்கு அதிகத் தரையிறங்கு கட்டணம் விதித்தது. நின்றிருக்கும் விமானம் துணை எஞ்சினை ஓட்டாமல் தரை மின்சாரம் எடுத்துக்கொள்ளும் முறையும், மின்சார இழுவை வண்டிகளும் பல நாடுகளில் பரவின.

அதில் சிவகாசிக்கு மிக நெருக்கமான பாடம் கோபன்ஹேகனிலிருந்து வருகிறது. அங்கே கேள்வியை எழுப்பியவர்கள் தரைப்பணியாளர்களும் அவர்களுடைய தொழிற்சங்கமும். விமானங்கள் நிற்கும் இடத்தில், பெட்டி ஏற்றி இறக்குபவரின் மூக்குக்கு எட்டும் காற்றில், மீநுண் துகள்கள் நகரத்தின் நெரிசலான சாலையைவிட மிகுதி என்று அளவீட்டில் தெரியவந்தது. அதன்பின் துணை எஞ்சின் ஓடும் நேரம் குறைக்கப்பட்டது, வண்டிகள் மாற்றப்பட்டன. 2014இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வோ விமான நிலையத்தின் மீநுண் துகள் காற்றுப் போக்கில் 16 கிலோமீட்டர் வரை போவதைக் காட்டியது. வேலையிடத்தில் குறைத்தது வேலியைத் தாண்டிய வீட்டுக்கும் நன்மை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இதற்கு நேர்மாறான ஒரு பாடமும் உண்டு. 2015இல் கொச்சி விமான நிலையம் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கத் தொடங்கியது. உலகம் பாராட்டிய சாதனை அது. ஆனால் விமான நிலையக் கட்டடத்தின் மின்சாரம் மாறியதால், விமானத்தருகே நிற்பவர் சுவாசிக்கும் எஞ்சின் புகை மாறிவிடாது. உலகின் கணக்கில் நல்லது, நிற்குமிடத்துக் கணக்கில் அப்படியே. பசுமைப் பட்டாசுக்கும் இது பொருந்தும். முப்பது சதவீதக் குறைப்பு வெடிக்கும் இடத்தில் நேர்வது. மருந்து அடைப்பவரின் அறையில் தூசி எவ்வளவு குறைந்தது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நேராக எதிர்கொள்ள வேண்டும். வாகனம், அனல்மின் நிலையம், சாலைப் புழுதி, வைக்கோல் எரிப்பு ஆகியவற்றின் முன்னால் பட்டாசு அற்பம், அதை மட்டும் ஏன் துரத்துகிறார்கள் என்பது தொழில் தரப்பின் பழைய முறையீடு. ஆண்டுக் கணக்கில் அது சரியே. ஆனால் மூச்சு ஆண்டுச் சராசரியில் நடப்பதில்லை. ஓரிரவில் உயரும் புகை ஆஸ்துமாக்காரரை அன்றைக்கே வீழ்த்தும். அதைவிட முக்கியம், இந்த முறையீடு மருந்து அறைக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது. அங்கே தூசியின் மூலம் ஒன்றுதான், அது தொழிலாளரின் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. பங்கு பிரித்துக்கொள்ள வேறு குற்றவாளி இல்லை. இரண்டாவது மறுப்பு, பேரியம் போனது, புதுக் கலவை வந்தது, இனி என்ன குறை என்பது. பேரியம் விலகியது தொழிலாளருக்கும் நன்மை என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். நகரத்துக்காக எழுதிய தீர்ப்பு, சரியாகக் கடைப்பிடிக்கப்படும் இடங்களில், அவர் கையிலிருந்தும் ஒரு நச்சை எடுத்திருக்கிறது. ஆனால் அது தற்செயலாக நேர்ந்த நன்மை. கலவைக்கு ஒப்புதல் தரும்போதே அதைச் சலித்து அடைப்பவருக்கு என்ன ஆகும் என்றும் சோதித்தால், அந்த நன்மை நோக்கமாகவே வந்து சேரும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அளக்கத் தொடங்கினால் அந்த அளவையே காட்டி ஆலையை மூடுவார்கள். சிறிய ஆலை தாங்காது. தொழிலாளிக்கு இருக்கிற கூலியும் போகும் என்கிறார்கள். கதவடைப்பை அனுபவித்த ஊரின் அச்சத்தை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் 2018இல் நடந்தது என்ன? தீர்ப்பு வந்த நாளில் தொழிலின் கையில் தன் மாசைப் பற்றிய சொந்தக் கணக்கும் இல்லை, மாற்றுக் கலவையும் தயாராக இல்லை. பிறர் எழுதிய வரம்பு, பிறர் தயாரித்த கலவை, பிறர் குறித்த கெடு. அளக்காதது காப்பாற்றவில்லை, கையைக் கட்டிப்போட்டது. எஞ்சின் செய்பவர்கள் தங்கள் புகையைத் தாங்களே அளந்து, தரநிலை எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்ததால் படிப்படியாக மாற அவகாசம் பெற்றார்கள். விமானத் தொழிலோடு சிவகாசியை ஒப்பிடலாமா, அங்கே மூலதனம் எவ்வளவு, இங்கே டி.ஆர்.ஓ. உரிமக்காரரின் முதல் எவ்வளவு என்று கேட்டால், அதற்கான விடைதான் பொதுச் சோதனைக்கூடம். தனித்தனி ஆலை வாங்க முடியாத கருவியை ஆனைக்குட்டம் வைத்துக்கொள்ளலாம். ஈரப்பதத்தில் சலிப்பது, மூடிய சல்லடை, தள்ளிநின்று இயக்கும் கலவைக் கருவி, சரியான முகக்கவசம், குளித்து உடைமாற்ற இடம் ஆகியவற்றில் எது எந்த ரகத்துக்குப் பொருந்தும், எது தீப்பொறி அபாயம் இல்லாதது என்று சோதித்துச் சொல்ல வேண்டியதும் அந்தக் கூடத்தின் வேலையாகலாம். வெடிமருந்தின் அருகே மின்விசிறியை மாட்டிவிட முடியாது என்பது உண்மை. அதனால்தான் பொதுவான தொழிற்சாலைத் தீர்வு இங்கே உதவாது. இந்தத் தொழிலை அறிந்தவர்களே தீர்வைச் செய்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றில் பறக்கும் அலுமினியத் தூசி மூச்சுக்குக் கேடு. அதே தூசி தரையிலும் சுவரிலும் படிந்து கிடந்தால் தீ ஓடும் பாதை. அறைக்கு நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் இருந்தால் விபத்தில் சாவு கூடுவதுபோலவே, அன்றாடம் ஆளுக்கு வரும் தூசியும் கூடும். இடைவெளி விட்டு அறை கட்டச் சொன்ன பழைய விதி, வெடிவிபத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், காற்றோட்டத்தையும் சேர்த்தே தந்திருக்கிறது. எனவே தூசி அளவு ஒரு முன்னெச்சரிக்கை எண்ணாகவும் பயன்படும். ஓர் அறையில் அது திடீரென்று ஏறினால், அங்கே ஆள் கூடியிருக்கிறது, மருந்து மிஞ்சியிருக்கிறது, அல்லது துப்புரவு நடக்கவில்லை என்று பொருள். விபத்து நடந்த பிறகு உள்குத்தகையைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளருக்கு, விபத்துக்கு முன்பே அது கிடைக்கும் தடயம். 1884இல் எழுந்த முதல் கேள்விக்கு நான்காவது கேள்வி இப்படித்தான் கைகொடுக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பசுமைப் பட்டாசுக்கு ஒப்புதல் தரும் சோதனையில், வெடிக்கும்போது வரும் புகையோடு தயாரிக்கும்போது எழும் தூசியும் ஒரு நிபந்தனையாக வேண்டும். ஆலை உரிமம் புதுப்பிக்கும்போது வேலையறைக் காற்றின் அளவீடு கேட்கப்பட வேண்டும். அதன் முடிவு ஆலை வாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். சிவகாசியில் இயங்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தீக்காயத்தோடு நின்றுவிடாமல், மருந்து அறையில் வேலை செய்பவரின் நுரையீரலை ஆண்டுதோறும் சோதித்துப் பதிவுவைக்க வேண்டும். கழிவை எரிப்பதற்குக் கண்காணிப்புள்ள ஒரே இடம் வேண்டும். இவற்றுக்கான செலவில் ஒரு பங்கைப் பட்டாசின் விலையில் சேர்த்து வாங்குபவர் ஏற்பது நியாயம். தீபாவளியின் மகிழ்ச்சியில் பங்கு கொள்பவர் அதைச் செய்தவரின் உடல்நலத்திலும் பங்கு கொள்ளட்டும். சுத்தமான காற்று உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த உரிமை பட்டாசு வெடிக்கும் தெருவில் தொடங்குவதாக வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. அது மருந்து அறையில் தொடங்குகிறது. அங்கே அளந்து, அங்கே குறைத்தால், சிவகாசி அடுத்த வழக்குக்குக் காத்திருக்கும் தொழிலாக இராது. தன் தரநிலையைத் தானே எழுதும் தொழிலாக இருக்கும்.